எதிர்த்தட்டில் கிளிப்பச்சை

கதிர்வேலின் மச்சினன் நித்தீஷுக்குக் கல்யாணம். தாராபுரத்தில் மண்டபம் பிடித்து, பத்திரிகை கொடுத்து, பந்தல்காரனோடு ஒரு சண்டையும் போட்டு முடித்துவிட்டார்கள். பாக்கி ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளையின் அக்கா நல்லூரில் ஒரு மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே இறங்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அக்காதான் கதிர்வேலின் மனைவி தரணி.

அக்கா வராவிட்டால் என்ன, வீடியோ காலில் பார்த்துக்கொள்ளட்டுமே என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிவிடலாம். கொங்குக் கல்யாணத்தில் அது ஆகாது. தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப் பிறந்தவள் இருந்து நடக்க வேண்டிய சீர். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டு அக்கா தங்கை யாராவது வந்து நிற்பார்கள். நித்தீஷுக்கோ ஒரே அக்கா. அம்மா போனபிறகு தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய அக்கா. அவள் இருக்கும்போது பெரியப்பா மகளை நிறுத்துவதா என்று அவன் போனில் அழுதான். இவளும் அழுதாள். அழுகை எல்லாம் சரி, இறங்குவதற்கு மட்டும் ஒப்பவில்லை.

காரணம் மாசி மாதத்தில் இருந்தது. தரணி ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தவளை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கதிர்வேல் கூட்டிவந்தான். முக்கில் திரும்பும்போது, யாரோ கட்டடத்துக்குக் கொட்டிய எம்-சாண்ட் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. சக்கரம் சறுக்கிவிட்டது. கதிர்வேலுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தரணிக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். ஓட்டியவன் நடந்துகொண்டிருக்கிறான், பின்னால் உட்கார்ந்தவள் படுத்துக் கிடக்கிறாள் என்பதைக் கதிர்வேலால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அவளை மேலே ஏற்றுவது பெரும்பாடாகிவிட்டது. அந்தக் கட்டடம் கதிர்வேலின் பனியன் கம்பெனி. கீழே குடோன், முதல் மாடியில் தையல், இரண்டாம் மாடியில் கட்டிங்கும் பேக்கிங்கும், அதற்கும் மேலே வீடு. படிக்கட்டோ, கட்டியவருக்கு இடத்தின் மேல் அவ்வளவு ஆசை, ஏணியைச் சாய்த்துச் சிமெண்ட் பூசியதுபோல் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் தரணியை உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கும்போது, பேக்கிங்கில் இருக்கும் பொங்கியண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "துணி ரோலா இருந்தாத் தோள்ல போட்டுட்டு ஓடிப்போயரலாமுங்…" என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். ஆனால் வந்த வார்த்தை வந்ததுதான்.

தரணியைக் கட்டிலில் படுக்கவைத்து எல்லோரும் போன பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "இனி என்னைய யாரும் தூக்கக் கூடாதுங். நானா நடந்து எறங்கற அன்னைக்கு எறங்கிக்கறேன்" என்றாள். பொது இடத்தில் தும்மினால்கூட நாலு பக்கம் பார்த்து மன்னிப்புக் கேட்கிற பெண் அவள். நாலு ஆம்பிளைகள் தன் பாரத்தைச் சுமந்து மூச்சு வாங்கியதை அவளால் செரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கதிர்வேல் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் இட்லி, மத்தியானம் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கே வந்து காலைப் பழக்கிவிட வினிதா என்றொரு பிசியோதெரபிப் பெண், காலையில் குளிக்க, துணி மாற்றத் துணைக்குப் பக்கத்து வீட்டு ஞானாம்பாள். எல்லாம் நேரத்துக்கு நடந்தது. அவன் மட்டும் மேலே வந்து உட்காரவில்லை. சாப்பாட்டை வைப்பான், மாத்திரையை எடுத்துக் கொடுப்பான், "லோடு வந்திருக்குது" என்று இறங்கிவிடுவான். லோடு வராத நாளிலும் லோடு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் எங்கே அந்த முக்கும் மணலும் தெரிந்துவிடுமோ என்று பயம். மகள் அக்ஷராவும் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். மெஷின்களின் சத்தம் கீழே கேட்க, வீடு மேலே சும்மா இருந்தது.

அந்தக் கோடையில் அவனுக்கு இருந்த ஒரே புதுத் தொந்தரவு காக்காய். மூன்றாம் மாடி பால்கனியின் கைப்பிடிச் சுவரில் எங்கிருந்துதான் வந்தனவோ, கூட்டமாக உட்கார்ந்துகொண்டு, கீழே இறக்கிவைத்த வெள்ளைத் துணியில் எச்சமிட்டன. கதிர்வேல் கல்லெடுத்து விரட்டினான், பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டான். அவை சிடியில் முகம் பார்த்துவிட்டு அங்கேயே இருந்தன. ஏன் வருகின்றன என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கட்டடத்தின் முகப்பில் நின்று ரோல் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டைமாடியிலிருந்து வெளியே நீட்டிய இரும்புத் தூலத்தில் கப்பி. அதில் கயிறு போட்டுத்தான் துணி ரோல் மேலே போகும், தைத்து முடித்த பண்டல் கீழே வரும். இழுக்கிறவன் கையும் தோளும் இற்றுப்போகும். அதைப் பார்த்தபோது பல வருஷங்களுக்கு முந்திய ஒரு பேச்சு ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது கல்யாணமான புதிது. உள்ளங்கை தோலுரிந்து வந்த கதிர்வேலுக்குத் தரணி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஏற்றும்போதுதான் கஷ்டம், இறக்கும்போதாவது சும்மா இருக்கலாம் என்றால், விடாமல் பிடித்து இறக்கவேண்டியிருக்கிறது, இரண்டிலும் கைதான் போகிறது என்று அவன் நொந்துகொண்டான். அதற்கு அவள், பாடம் எடுக்கும் குரலில் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னாள்: "மேல நிக்கற பண்டலு சும்மா நிக்கலீங் மாமா. ஏத்தறதுக்கு நீங்க போட்ட பாடெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது. நிலை ஆற்றல்னு பேரு. பூமி கீழ இழுத்துட்டே இருக்குது, நீங்க அதை எதுத்து மேல கொண்டுபோய் வெச்சிருக்கீங்க. எறக்கும்போது அது அத்தனையும் திருப்பிக் குடுக்கும். வாங்கிக்கத்தான் ஆளில்லை."

"அப்ப இத்தனை நாளா நான் எறக்குனதெல்லாம் எங்க போச்சு?"

"இதா, இங்கதான்" என்று அவன் உள்ளங்கையைத் தொட்டாள். "கயிறு ஒரசிச் சூடாச்சுல்ல, அப்படிப் போச்சு. இந்தப் பக்கம் பண்டலு எறங்கறப்பவே அந்தப் பக்கம் ரோலு ஏறுற மாதிரிக் கட்டிப் பாருங். அது குடுக்கறதை இது வாங்கிக்கும். நீங்க கூட நின்னு கயித்தைத் தொட்டுட்டு இருந்தாப் போதும்."

அவன் அன்றைக்குக் கேட்டுவிட்டுச் சிரித்ததோடு சரி. ஒரு நாளும் செய்து பார்க்கவில்லை. பெண்டாட்டி சொன்னதைச் செய்து பார்க்கிற வேகம் ஆம்பிளைகளுக்கு வர இத்தனை வருஷம் ஆவது ஒன்றும் அதிசயமில்லை.

அன்று மாலையே முதலிபாளையத்துக்குப் போய், தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஆத்தப்பனைப் பிடித்தான். நாலு பக்கமும் தடுப்பு, மடக்குகிற கதவு, காலை நீட்டி வைத்துக்கொள்ளப் பலகை, நடுவில் நாற்காலி என்று ஒரு கூண்டு வேண்டும் என்றான். ஆத்தப்பன் எல்லாம் கேட்டுக்கொண்டு, "ஆருக்குங் இது?" என்றார். "ஊட்டுக்காரிக்கு" என்றதும், சொன்னதைவிட இரண்டு மடங்கு தடிமனான கம்பியை எடுத்தார்.

அதன் பிறகுதான் தரணியிடம் போய்ச் சொன்னான். மாசிக்குப் பிறகு அன்றுதான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். பார்வை மட்டும் ஸ்டூலின் காலில் இருந்தது.

"உன்னைய ஆரும் தூக்க மாட்டாங்க தரணி. ஆரு கையும் படாது. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் துணி ரோலு. நீ எறங்கினா அது ஏறும். பொங்கியண்ணன் சும்மா கயித்தைப் புடிச்சிட்டு நிப்பாரு. நீ சொன்ன கணக்குத்தான்."

தான் என்றோ எண்ணெய் தடவும்போது சொன்னதை இந்த மனுஷன் வைத்திருந்தாரா என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. பிறகு அவளுக்குள் இருந்த வாத்தியாரம்மா விழித்துக்கொண்டாள். கப்பி எத்தனை, கயிறு என்ன கயிறு, தூலம் தாங்குமா, கயிற்றைத் தூணில் எத்தனை சுற்றுப் போடுவீர்கள், முதலில் மூட்டையை வைத்துப் பார்ப்பீர்களா என்று அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தபிறகு, "சரிங்" என்றாள்.

"எத்தனை கிலோ வெக்கட்டும்?"

தரணி சுவரைப் பார்த்தாள். "அறுவத்தெட்டு."

கதிர்வேல் படியிறங்கும்போது தனக்குள் சிரித்துக்கொண்டான். அறுபத்தெட்டாம்! போன ஆயுத பூஜையன்று பொரி கடலை தின்றுகொண்டே, ரோல் எடை போடும் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொருத்தராக ஏறி நின்று கேலி பண்ணிக்கொண்டிருந்தபோது, தரணியையும் இழுத்து ஏற்றிவிட்டார்கள். எழுபத்தாறு காட்டியது. "தராசுக்கும் இன்னைக்கு லீவு போலிருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கியவள், இரண்டு நாள் சப்பாத்தி தின்றாள். அந்த எட்டுக் கிலோவை இப்போதும் மறைக்கிறாள் பார், ஊரெல்லாம் எடைக்கும் நிறைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கிறவள், என்று நினைத்தான். பாவம், மறைத்துவிட்டுப் போகட்டும், நாம் ஒன்றும் கேட்க வேண்டாம், சரியான எடையை வைத்துவிடுவோம். அவனுக்குத் தன் தாராள மனசின்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

எதிர்ப்பக்கத்துக்கு வைக்கக் குடோனில் துணி தயாராக இருந்தது. கலர் சரியில்லை என்று ஆர்டர் கொடுத்த பையர் கைவிட்டுப் போன கிளிப்பச்சைத் துணி. யாரும் தொடமாட்டார்கள். கூண்டின் எடைக்கு ஈடாக ஒரு ரோல், தரணிக்கு ஈடாக எழுபத்தாறு கிலோ ரோல்கள், எல்லாம் பாலிதீன் சுற்றி வலைக்குள் போட்டுக் கட்டினான். தரணிக்குப் பதிலாக எழுபத்தாறு கிலோவுக்குக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைக் கூண்டில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் கயிற்றைத் தொட்டதும் மூட்டைகள் மகாராணி மாதிரி இறங்கின. விட்ட இடத்தில் நின்றன. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை. அக்ஷரா ஹாஸ்டலிலிருந்து வந்து அம்மாவுக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டாள். வாக்கரைப் பிடித்து மெதுவாக நடந்து, பால்கனித் தடுப்பில் புதிதாக வைத்த கதவைத் தாண்டி, தரணி கூண்டுக்குள் உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அக்ஷரா கதவைச் சாத்திக் கூண்டை மெல்ல வெளியே தள்ள, அது ஆகாயத்தில் நின்றது. கீழே ரோல் வலைக்குப் பக்கத்தில் கதிர்வேல். தூணில் சுற்றிய கயிற்றோடு பொங்கியண்ணன். முதல் மாடி ஜன்னலெல்லாம் தையல்காரர்களின் தலைகள்.

"விடுங் பொங்கியண்ணா" என்றான் கதிர்வேல்.

பொங்கியண்ணன் கயிற்றைத் தளர்த்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் தளர்த்தினார். கயிறு தொளதொளவென்று தொங்கியது. தரணி இருந்த இடத்திலேயே இருந்தாள். கிளிப்பச்சை ரோல்கள் தரையை விட்டு ஒரு விரல்கூட எழும்பவில்லை.

ஜன்னலில் யாரோ சிரித்து, யாரோ அதட்ட, அடங்கியது. பொங்கியண்ணன் கப்பியைப் பார்த்தார். கதிர்வேல் ரோலைத் தட்டிப் பார்த்தான். மேலே இருந்து தரணியின் குரல் வந்தது.

"ஏனுங் மாமா, எத்தனை கிலோ வெச்சீங்?"

"நீ சொன்னதுதான்."

"பொய் சொல்லாதீங். நான் சொன்னதை வெச்சிருந்தா இந்நேரம் தொட்டாலே எறங்கோணும். அந்தப் பக்கம் கனமா இருக்குது. எத்தனை?"

இத்தனை பேர் முன்னால் அண்ணாந்து பார்த்துச் சொல்லவேண்டியதாகிவிட்டது. "எழுவத்தாறு."

"நான் அறுவத்தெட்டுன்னு சொன்னனே?"

"நீ எப்பவும் கொறைச்சுத்தான…" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான். எடை பொய் சொல்லாது. ரோல்கள் தரையில் கிடக்கின்றன. அவள் மறைக்கவில்லை. அறுபத்தெட்டு என்றால் அறுபத்தெட்டுத்தான். அப்படியானால் அந்த எட்டுக் கிலோ எங்கே போனது?

கைப்பிடிச் சுவரில் காக்காய்கள் வரிசையாக உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. காலை இட்லியும் மத்தியானச் சோறும் நேரத்துக்கு மேலே போனது உண்மை. கழுவிய பாத்திரம் நேரத்துக்குக் கீழே வந்ததும் உண்மை. நடுவில் யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்க அவன் அங்கே இருக்கவில்லை. ஒரு ரோலில் கால் கிலோ குறைந்தால் துணி பின்னித் தரும் நிட்டிங்காரனைப் போனில் கூப்பிட்டுக் கத்துகிறவன், தன் வீட்டுக்குள் எட்டுக் கிலோ குறைந்ததை மூன்று மாதமாகப் பார்க்கவில்லை.

"புடிச்சுக்குங் பொங்கியண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினான். மேலே போய்ச் சேரும்போது மூச்சு நெஞ்சில் முட்டியது. பால்கனித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் ஆகாயத்தில் அவள். மாசிக்குப் பிறகு அன்றுதான் அவளை நேருக்கு நேர் பார்த்தான். கன்னத்து எலும்பு தெரிந்தது. ரவிக்கையின் கை தொளதொளத்துப்போய் ஊக்குப் போட்டிருந்தது. வளையல்கள் முழங்கைவரை ஏறி நின்றன.

"வினிதா காலுக்கு எத்தனை பாரம் குடுக்கலாம்னு பாக்க ஒரு சின்ன எடை மிஷின் கொண்டாந்திருந்துச்சு. அதுல பாத்ததுதானுங்" என்றாள் தரணி, தான்தான் ஏதோ தப்புப் பண்ணியதுபோல.

"ஏன் கண்ணு சாப்புடல?"

"தனியா உக்காந்து சாப்புடப் புடிக்கலீங். வாக்கரைப் புடிச்சுட்டுப் போய்க் காக்காய்க்கு வெச்சிருவேன்."

கதிர்வேல் தடுப்பைப் பிடித்துக்கொண்டான். மகள் பக்கத்தில் நிற்கிறாள், கீழே நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோனது. "நான்தான் உன்னையக் கீழ தள்ளிட்டேன் தரணி. உன்ற மொகத்தைப் பாக்க எனக்குத் தைரியமில்ல."

"மணலைக் கொட்டுனது ஆரோ. விழுந்ததுக்கு உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்" என்றாள். "அதுக்கப்பறம் நீங்க மேல வரவே இல்லீங்களே மாமா. கீழ உங்க குரல் கேக்கும். லோடு வந்திருக்குதுன்னு சொல்லுவீங்க. லாரிச் சத்தமே கேக்காது."

அவன் அழுதுவிட்டான். அக்ஷரா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு காக்காயைப் பார்த்தாள்.

கூண்டு லேசாக ஆடியது. கீழேயிருந்து பொங்கியண்ணன், "தம்பி, ரெண்டு ரோலை எடுத்துப்போடட்டுங்ளா?" என்று கத்தினார். கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்வதற்குள் தரணி குனிந்து, "வேண்டாமுங்ண்ணா, அப்படியே இருக்கட்டும்" என்றாள். அவள் முகத்தில் கணக்குப் போடும் களை வந்திருந்தது. "ஏனுங் மாமா, சீர்ச் சாமானெல்லாம் எங்க இருக்குது?"

உள்ளே கூடத்தில் இருந்தது. தேங்காய், வெல்லம், அரிசி, வாழைப்பழச் சீப்பு, எல்லாம் பித்தளைத் தாம்பாளத்தில். படிவழியாகத் தூக்கிப் போவதாக ஏற்பாடு.

"அதை என்ற மடியில வைங். கொறையறதை அது சரி பண்ணிரும்."

ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியிலும் கால்பலகையிலும் வைத்தான். தாம்பாளம், தேங்காய், வெல்லம். கடைசியில் அரிசிப் பையை வைத்ததும் கூண்டு தானாகவே ஒரு சாண் இறங்கியது. கீழே கிளிப்பச்சை எழும்பியது. ஜன்னல்களில் ஒரே கூச்சல். தம்பிக்குக் கொண்டுபோகும் சீரை மடியில் ஏந்திக்கொண்டு, யார் கையும் படாமல், தரணி மாடி மாடியாக இறங்கினாள். முதல் மாடி உயரத்தில் ரோல்கள் அவளைக் கடந்து மேலே போயின. கீழே வந்து நின்றதும் பொங்கியண்ணன் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மிணி, அன்னைக்கு வாய் தவறி ஒரு வார்த்தை…"

"விடுங்ண்ணா. இன்னைக்கு மூச்சு வாங்குச்சுங்ளா?"

"இல்லவே இல்லீங்!"

"அப்பச் சரியாப் போச்சு" என்று சிரித்தாள்.

காரில் ஏறியதும் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் மாடிக்கு நேராக ரோல் வலை தொங்கிக்கொண்டிருந்தது. "அதை அங்கயே வெச்சிருக்கச் சொல்லுங். நான் எறங்குனது அதுலதான் இருக்குது. அதுதான் என்னையத் திரும்ப ஊட்டுக்குக் கொண்டுபோகும்" என்றாள். கதிர்வேல் பொங்கியண்ணனிடம் மூன்று முறை சொல்லிவிட்டு வந்தான்.

தாராபுரத்தில் இணைச்சீருக்கு நித்தீஷ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் அவன் அக்கா. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்ப, மேடையில் ஒரு பெரியவர், "சீரு முடியட்டும் சாமி, அப்பறமா அழுவியாம்" என்று சமாதானப்படுத்தினார். பந்தியில் கதிர்வேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இலையைப் பார்க்காமல் அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாயசத்துக்கு இரண்டாம் முறை டம்ளரை நீட்டியபோது பரிமாறியவனுக்கு முன்னால் இவன் எழுந்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் திரும்பினார்கள். கூண்டில் தரணி உட்கார்ந்தாள். மடியில் இப்போது சீர் இல்லை. பொங்கியண்ணன் கட்டை அவிழ்த்ததும், மேலே காத்துக்கொண்டிருந்த கிளிப்பச்சை இறங்க, தரணி தன்னால் மேலே எழும்பினாள். யாரும் இழுக்கவில்லை. அவர் கயிற்றைப் பிடித்து நிதானப்படுத்தத்தான் வேண்டியிருந்தது. கதிர்வேல் படிவழியே ஓடினான். அவன் பால்கனிக் கதவைத் திறந்தபோது, சூரிய வெளிச்சம் முகத்தில் அடிக்க, அவள் வந்து சேர்ந்தாள்.

"பாருங், நீங்க தப்பா வெச்ச எட்டுக் கிலோதான் என்னைய மேல கொண்டாந்துச்சு" என்றாள்.

அன்று முதல் மூன்று வேளையும் அவன் சாப்பாடு மேலேதான். லோடு உண்மையாகவே வந்தாலும், லாரிக்காரன் காத்திருந்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. தரணி தினமும் கூண்டில் இறங்கி ஆட்டோவில் போனாள். இறங்குவதற்குக் கனம் வேண்டுமே, அதனால் தைத்து முடித்த பனியன் பண்டல்களை அவளோடு ஏற்றிவிட்டார்கள். எப்படியும் கீழே போகவேண்டிய பண்டல்தானே. "டெலிவரி டிபார்ட்மெண்ட்டுக்கு டீச்சரு வந்துட்டாங்க" என்று தையல்காரர்கள் கேலி பண்ணினார்கள். சாயங்காலம் பண்டல் இல்லாமல் உட்கார்வாள், ரோல்கள் அவளை மேலே கொண்டுபோகும். முதலில் ஒரு பெரிய கட்டு வேண்டியிருந்தது. ஆடி வந்தபோது பாதிக் கட்டுப் போதுமென்றாகிவிட்டது. கதிர்வேல் அவளிடம் எடை கேட்கவில்லை, ஆயுள் முழுக்கக் கேட்பதாகவும் இல்லை. காலையில் எத்தனை பனியன் ஏறுகிறது என்று மட்டும் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்வான்.

ஆவணியில் ஒரு சாயங்காலம், இரண்டாம் மாடியில் கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தான். வழக்கமாக ஜன்னலைத் தாண்டி மேலே போய்விடும் கூண்டு, அன்று ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. கத்தரியை வைத்துவிட்டு ஓடினான்.

"என்னாச்சு? கயிறு சிக்கிருச்சா?"

"சிக்கலீங்" என்றாள் தரணி. ஒரு மாதிரி வெட்கத்தோடு புடவைத் தலைப்பைத் திருகினாள். "பொங்கியண்ணன் இவ்வளவு தூரம் இழுத்துட்டு, கை மாத்தறதுக்கு விட்டாரு. விட்ட எடத்துலயே நின்னுருச்சு. பையை ஆட்டோலருந்து எறக்கிக் கீழயே வெச்சுட்டேன். அப்பவும் ஏறமாட்டீங்குது."

கதிர்வேல் கயிற்றைப் பார்த்தான். கீழே எட்டிப் பார்த்தான். முதல் மாடிக்குச் சற்றுக் கீழே கிளிப்பச்சை ரோல்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. இந்தப் பக்கம் தரணி, அந்தப் பக்கம் எழுபத்தாறு. அவள் கன்னம் நிறைந்திருந்தது. வளையல்கள் மணிக்கட்டில் இருந்தன. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இனி இது என்னையச் சும்மா மேல கொண்டுபோகாதுங். நீங்க இழுக்கோணும்."

"இழுக்கறேன் கண்ணு. எத்தனை வருஷம் வேணுன்னாலும் இழுக்கறேன்" என்றான். ஜன்னல் வழியே குனிந்து, "பொங்கியண்ணா, நீங்க விடுங்!" என்று கத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் தெரிந்தது, இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. விரல்களால் லேசாகத் தள்ளினான். தரணி அவன் கண்ணெதிரே மெல்ல மேலே போனாள்; முதலில் முகம், பிறகு மடியில் கோத்த கைகள், கடைசியாக அந்தக் கால்.

அவள் போய்ச் சேருவதற்குள் கதவைத் திறக்கவேண்டுமே என்று கயிற்றைப் பார்த்துக்கொள்ளும்படி பொங்கியண்ணனிடம் கத்திவிட்டுப் படியேறினான். மூச்சு வாங்க பால்கனிக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் கவனித்தான். கைப்பிடிச் சுவரில் எச்சமில்லை. காக்காய்கள் எப்போதோ வேறு வீடு பார்த்துப் போய்விட்டிருந்தன.